ஃபைபர் படகுக்குத் தானாகத் தண்ணீர் வடியும் பிளக் போடலாமா?

கேள்வி: எங்களுடையது 24 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (பின்பலகையில் மாட்டுவது). தொண்டிப் பக்கம் நானும் அண்ணனும் நண்டு வலைக்கும் கணவாய்க்கும் போகிறோம். கரைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டுத்தான் படகை விட்டு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி மழை பெய்தால் விடியற்காலையில் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, இறைத்து முடிக்கவே நேரம் போய்விடுகிறது. பின்பலகையில் ஓட்டை போட்டு ஒரு பிளக் மாட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வராது என்று கடையில் சொல்கிறார்கள். அண்ணன் இந்த வாரமே ஓட்டை போடலாம் என்கிறார். போடலாமா?

பதில்:

தம்பி, அண்ணனிடம் சொல்லுங்கள், ஓட்டை போட வேண்டாம். உங்கள் படகுக்கு, அதிலும் நீங்கள் அதை விட்டு வைக்கும் விதத்துக்கு, அந்த பிளக் உதவாது. உதவாவிட்டால் காசு போனது என்று விட்டுவிடலாம், ஆனால் இது ஆளில்லாத நேரத்தில் படகையே கொண்டுபோகக்கூடிய சமாச்சாரம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அந்த பிளக் வேலை செய்யும் படகுகள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே ஒரு அளவைப் பொறுத்தது. படகுக்குள் நீங்கள் கால் வைத்து நிற்கும் தளம் வெளியே இருக்கும் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே இருந்தால் தண்ணீர் தானாக வடியும், அதற்கு பிளக்கே வேண்டாம், வெறும் ஓட்டையே போதும். கீழே இருந்தால் எந்தக் கம்பெனி பிளக் போட்டாலும், படகு நின்றுகொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாகத்தான் பார்க்கும். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் எப்படி வேலை செய்கிறதோ அதேதான் இதுவும்.

உங்கள் படகு எந்த வகை என்று ஒரு டேப்பை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தொழிலுக்குப் போகும் நாளில், வலை, ஐஸ், பெட்ரோல், தண்ணீர் கேன், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, அண்ணனை எஞ்சின் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, படகின் மேல்விளிம்பிலிருந்து வெளியே கடல்மட்டம் வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் அதே மேல்விளிம்பிலிருந்து உள்ளே தளம் வரை அளந்து பாருங்கள். உள் அளவு பெரிதாக இருந்தால் தளம் கடலுக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். வெறும் படகில் அளக்காதீர்கள். பின்பக்கம் ஆள் நிற்காமலும் அளக்காதீர்கள், ஏனென்றால் ஓட்டை வரப்போகிற இடமே பின்பலகைதான், எஞ்சின் எடையும் ஆள் எடையும் சேர்ந்து அமுக்குகிற இடமும் அதுதான். நீங்கள் சொல்லும் மாதிரி மேல்தளம் இல்லாத திறந்த படகுகளில் தளம் கடல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருப்பது சாதாரணம். பேச்சுக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த பிளக் என்ன செய்யும் என்று பார்ப்போம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ரப்பர் நாக்கோ ஒரு பந்தோ வைத்த ஒருவழி வால்வு. உள்ளே இருந்து அழுத்தம் அதிகமானால் திறக்கும், வெளியே இருந்து அழுத்தம் அதிகமானால் மூடிக்கொள்ளும். ராத்திரி மழையில் உங்கள் படகுக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, வெளியே கடல் தளத்துக்கு மேல் 20 சென்டிமீட்டர் நிற்கிறது. அழுத்தம் வெளியேதான் அதிகம். வால்வு மூடியே இருக்கும், ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது. மழை பெய்யப் பெய்யப் படகும் எடை கூடி அமிழும், வெளிமட்டமும் அதற்கேற்ப ஏறும். ஆக நீங்கள் எந்தக் காரணத்துக்காக இதை வாங்க நினைக்கிறீர்களோ அந்தக் காரணத்துக்கு இது பயனில்லை.

இரண்டாவது வகை, படகு ஓடும்போது உறிஞ்சி எடுப்பது. இது பாய்மரப் பந்தயப் படகுகளிலிருந்து வந்தது. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய டென்மார்க் வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் பெயரிலேயே இந்தப் பொருள் விற்றது. அடிப்பகுதியிலிருந்து ஒரு சின்ன ஆப்பு மாதிரி கீழே நீட்டிக்கொண்டிருக்கும், படகு வேகமாகப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் தண்ணீரை அது இழுத்து வெளியே விடும். நல்ல யோசனைதான், உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் வேகம் வேண்டும். தளம் 20 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்றால், இழப்பே இல்லாத கணக்கில் பார்த்தாலும் கிட்டத்தட்ட 4 நாட் (மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர்) வேகத்தில்தான் அது சமநிலைக்கே வரும், அதற்கு மேல் போனால்தான் தண்ணீர் வெளியே நகரும். நடைமுறையில் 5, 6 நாட் தேவைப்படும். தொழிலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்த வேகம் உங்களுக்கு இருக்கிறது, சரி. ஆனால் வலை இழுக்கும்போது? கணவாய்க்குத் தூண்டில் போட்டு நிற்கும்போது? வேகம் குறைந்த உடனே அதை மறக்காமல் மூட வேண்டும், இல்லாவிட்டால் அதே வழியாகக் கடல் உள்ளே வரும். வலை கையில் இருக்கிற இரண்டு பேரில் யார் அதை நினைவில் வைத்திருப்பது? இன்னொன்று, உங்கள் பக்கம் கடல் ஆழமில்லாதது, கரையை நெருங்கும்போது அடிப்பகுதி மணலிலும் சேற்றிலும் தட்டும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அங்கே ரொம்ப நாள் நிற்காது. அலைவாயில் படகை ஓட்டிக்கொண்டுவந்து மணலில் ஏற்றி, டிராக்டர் வைத்து இழுக்கும் நாகை, கடலூர், சென்னைக் கரைகளில் இதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். இந்த ஒருவழி வால்வுகள் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரை நினைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் படகுத் தளத்தில் ஓடும் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது? மீன் செதில், நண்டுக் கால், அறுந்த நைலான் நூல், மணல், பாசி. ஒரே ஒரு நைலான் நூல் ரப்பர் நாக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், அது முழுசாக மூடாது. ஒரு அங்குல ஓட்டை, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் முழுசாகத் திறந்திருந்தால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 லிட்டர் உள்ளே வரும். ஆள் இருந்தால் உடனே கண்ணில் படும், கட்டையை வைத்து அடித்து அடைத்துவிடலாம், அதனால் அதைவிட நான் பயப்படுவது கொஞ்சமாகக் கசிவதைத்தான். அந்த 35 லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் என்று கசிந்தால் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நங்கூரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள், பத்து மணி நேரம் கழித்து வருகிறீர்கள். 2,000 லிட்டர் உள்ளே வந்திருக்கும். இரண்டு டன்! அதோடு மழைத் தண்ணீரும் சேர்ந்தால் விடிகிறபோது படகின் மேல்விளிம்பு கடலோடு சமமாக நிற்கும், எஞ்சினும் மூழ்கும் நிலைக்கு வந்திருக்கும். இப்போது உங்களுக்கு இருப்பது இறைக்கிற தொந்தரவு மட்டும்தான், ஓட்டை போட்ட பிறகு இருக்கப்போவது அது இல்லை.

ஓட்டை போடுவதிலேயே ஒரு கேடும் இருக்கிறது, பட்டறைக்காரனாக அதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் பின்பலகை வெறும் ஃபைபர் இல்லை, எஞ்சின் எடையைத் தாங்க உள்ளே பிளைவுட் வைத்து இரண்டு பக்கமும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) போட்டிருப்பார்கள். டிரில் போட்ட உடனே அந்த ஓட்டையின் உள்சுவரில் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். அப்படியே பிளக்கை வைத்து ஸ்க்ரூ முடுக்கி, பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானைத் தடவிவிட்டால், ஓரிரு மழைக்காலத்தில் பிளைவுட் தண்ணீர் குடித்து உப்பி, உளுத்து, ஃபைபரை விட்டுப் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் கிளாம்பை முடுக்கும்போது பலகை அமுங்குகிறது, வேகமெடுத்தால் எஞ்சின் ஆடுகிறது என்று கொண்டுவருவார்கள், பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈர மக்கு மாதிரி இருக்கும். ஒரு சின்ன பிளக்குக்காகப் பின்பலகை முழுவதையும் மாற்றும் வேலை அது. இப்படி வரும் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும், ஏனென்றால் தடுக்க ஆகும் செலவு கொஞ்சம் எபாக்ஸிப் பிசின்தான்.

சரி, அப்போது யாருக்குத்தான் இது பயன்படும்? மேல்தளம் போட்டு, கீழே ஃபோம் அடைத்து மூடிய படகுகள் நம் கரையில் நிறைய ஓடுகின்றன. நிற்கும் தளமே கடல்மட்டத்துக்கு மேலே இருப்பவை. அலை உடைந்து ஏறினாலும் தண்ணீர் தளத்தில்தான் நிற்கும், அது வடிந்தாக வேண்டும். அவர்களுக்கு நான் கட்டாயம் போடச் சொல்வேன், ஆனால் ஒரு அங்குல பிளக் இல்லை, பெரிய ஓட்டை. ஓட்டையின் விட்டம் மூன்று மடங்கானால் வடிகிற அளவு ஒன்பது மடங்காகும். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தளத்தில் நிற்கும்போது ஒரு அங்குல ஓட்டை நிமிடத்துக்கு 25 லிட்டர்தான் விடும், மூன்று அங்குல ஓட்டை 200 லிட்டருக்கு மேல் விடும். ஒரு அலை 500 லிட்டரை உள்ளே கொட்டினால் அடுத்த அலைக்கு முன்னால் அது போய்விட வேண்டும், இருபது நிமிடம் உட்கார்ந்து வடிய நேரம் கிடையாது. படகுக்குள் அங்கும் இங்கும் ஓடும் தண்ணீர் சும்மா நிற்கும் எடை இல்லை, படகு சாயும் பக்கமே அதுவும் ஓடிப் போய் இன்னும் சாய்க்கும். கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். அதனால் பின்பலகையில் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று, குறைந்தது இரண்டரை, மூன்று அங்குலம், வெளியே ஒரு தடித்த ரப்பர் மடல், அது கிழிந்தாலும் தளம் கடலுக்கு மேலே நான்கு விரல் அகலமாவது இருக்க வேண்டும். அந்த நான்கு விரல் இல்லாவிட்டால் மடலை நம்பிப் படகு விடுகிறீர்கள் என்று பொருள். மூடிய ஃபோம் அறைக்குத் தனியாக ஒரு சின்ன பிளக் வேண்டும், அது கரையில் மட்டும் திறப்பதற்கு. பழைய ஃபோம் தண்ணீர் குடிக்கும், படகு வருடா வருடம் கனத்துக்கொண்டே போகும், நேற்று கடலுக்கு மேலே இருந்த தளம் நாளைக்குக் கீழே போய்விடும். அதனால் அவர்களும் வருடத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்து அளப்பது நல்லது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினை கடல் இல்லை, மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் படகின் மேல்பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைத்தால், வடகிழக்குப் பருவத்தில் ஒரு ராத்திரி 100 மில்லிமீட்டர் கொட்டினால் 800 லிட்டர் உள்ளே. அதை வெளியேற்ற வழி தேடுவதைவிட உள்ளே வராமல் தடுப்பது சுலபம். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகை வரை நடுவில் ஒரு கயிறோ மூங்கிலோ இழுத்துக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து, மேல்விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தொங்கவிட்டு, ஓரத்தில் இருக்கும் கண்களில் கயிறு கோத்து அடியில் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். தட்டையாகப் போர்த்தினால் நடுவில் குளம் கட்டி, கிழிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே விழும். காற்று பலமாக வரும் என்ற எச்சரிக்கை இருந்தால் தார்ப்பாய் வேண்டாம், அது பாய் மாதிரி காற்றைப் பிடித்து நங்கூரத்தை இழுத்துவிடும், அந்த நாட்களில் படகையே கரையேற்றிவிடுங்கள்.

தார்ப்பாயையும் மீறி வருவதற்கு ஒரு சின்ன மின்பம்பு வைக்கலாம். 12 வோல்ட்டில் ஓடும், மிதவை சுவிட்ச் வைத்தது, தண்ணீர் ஏறினால் தானாக ஓடும். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினில் பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது, அதனால் ஒரு சின்ன சோலார் பலகையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், குழாய் மேலே ஏறும் உயரத்துக்கு ஏற்ப அது நன்றாகவே குறையும். குழாயின் வாயை மேல்விளிம்புக்குப் பக்கத்தில் உயரத்தில் வையுங்கள், கடல்மட்டத்துக்குக் கீழே வைத்தால் பம்பு நின்ற பிறகு அதே குழாய் வழியாகக் கடல் உள்ளே வரும். பம்பு உறிஞ்சும் வாயைச் சுற்றிக் கொசுவலை மாதிரி ஒன்று கட்டாவிட்டால் நண்டுக் காலும் நூலும் அதையும் நிறுத்திவிடும். எல்லாவற்றையும் சொன்னாலும், வாளியைப் படகிலிருந்து எடுக்காதீர்கள். பத்து லிட்டர் வாளியில் ஒரு ஆள் நிமிடத்துக்குப் பத்துத் தடவை வீசினால் 100 லிட்டர், அந்தச் சின்ன பம்பு இரண்டு மூன்று சேர்ந்தாலும் அவ்வளவு எடுக்காது. கைப்பிடியில் கயிறு கட்டிப் படகோடு முடிந்து வையுங்கள், தண்ணீர் ஏறுகிற நேரத்தில் முதலில் மிதந்து போவது வாளிதான்.

பிளக்குக்கு ஒதுக்கிய காசை நான் போடச் சொல்லும் இடம் வேறு. படகு தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். ஃபைபர் கட்டை மாதிரி மிதக்காது, தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். 450 கிலோ ஃபைபர் தண்ணீருக்கடியில் 150 கிலோவாவது கீழே இழுக்கும், எஞ்சின் 40 கிலோ கிட்டத்தட்ட முழுசாகவே இழுக்கும், நீங்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு அல்லது அதற்குள் உட்கார்ந்துகொண்டு இருக்க வேண்டும். 400 லிட்டர் காற்று அடைத்த இடம் இருந்தால் இதைத் தாங்கும். ஃபோம் அறை இல்லாத படகு என்றால், வாய் இறுக மூடிய 20 லிட்டர் கேன் இருபது, குறுக்குப் பலகைகளுக்கு அடியிலும் இரண்டு பக்க ஓரங்களிலும் சமமாக, பின்பக்கம் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாக, பட்டை நாடா போட்டு அசையாமல் கட்டினால் அது கிடைத்துவிடும். சும்மா நூலில் கட்டினால் தண்ணீரில் மேலே எழும்பும் விசையில் அறுத்துக்கொண்டு போய்விடும், கட்டுதான் முக்கியம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து 12 மீட்டருக்குக் குறைந்த மேல்தளப் படகுகளுக்கும் மேல்தளம் இல்லாத படகுகளுக்கும் 2012இல் பாதுகாப்புப் பரிந்துரைகள் வெளியிட்டன. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகு நிரம்பினாலும் மட்டமாக மிதந்தாக வேண்டும் என்பது கட்டுபவர்களுக்கே சட்டம். படகை விட்டு நீந்திப் போக நினைத்தவரைவிட மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டு இருந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவோ சுலபம் என்று கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு ஓட்டை வேண்டும்தான் என்றால், வருடத்துக்குச் சில தடவை கரையேற்றிக் கழுவுவதற்கு, சாதாரண மரையாணி பிளக் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வால்வு இல்லாதது. பித்தளை கடல் தண்ணீரில் நாளாவட்டத்தில் துத்தநாகம் கரைந்து பொத்தலாகும், வெண்கலமோ நல்ல நைலானோ வாங்குங்கள், ஸ்டீல் என்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், 304 ரகம் வேண்டாம். தேவைக்கு மேல் கால் அங்குலம் பெரிதாக ஹோல் சா (வட்ட ஓட்டை போடும் ரம்பம்) போட்டு, தெரியும் பிளைவுட்டை நன்றாகக் காயவிட்டு, அந்த இடம் முழுவதையும் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்கு மறுபடி ஓட்டை போடுங்கள், அப்போது மரம் எங்கேயும் தண்ணீரைத் தொடாது. ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் இதே வேலை. சீலண்ட் பாலியூரித்தேன் வகை. பிளக் முடுக்கும் சாவியை எஞ்சினின் பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், பிளக்கை முடுக்காமல் எஞ்சின் ஓட்ட முடியாதபடி. ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு கூம்பு மரத்தக்கையையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் அண்ணன் ஓட்டை போட்டுவிட்டிருந்தால், தயவுசெய்து அதில் வெறும் மக்கு வைத்துப் பூசி விடாதீர்கள். உள்ளும் புறமும் ஓட்டையைச் சுற்றி ஃபைபரைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலம், அதாவது 8 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், அதன் மேல் நெய்த ஃபைபர் துணி அடுக்கடுக்காக, பழைய ஃபைபரோடு நன்றாகப் பிடிக்க எபாக்ஸி ரெசினில். நல்ல வெயில் இருக்கும் நாளில் செய்யுங்கள், ஈரத்தில் எதுவும் ஒட்டாது. அந்த இரண்டு அளவையும், மேல்விளிம்பிலிருந்து கடல் வரை, மேல்விளிம்பிலிருந்து தளம் வரை, எடுத்து எழுதி அனுப்புங்கள், கேன் எங்கே எத்தனை கட்டுவது என்று படம் போட்டுத் தருகிறேன்.